ஞாயிறு வாசகத்தைத் திங்கட்கிழமையே ஊருக்குள் கொண்டுபோங்கள்

அம்பாறைக் கரையோரத்துச் சிற்றாலயம் ஒன்றில், ஃபாதர் வர முடியாத ஞாயிறுகளில் இறைவார்த்தை வழிபாட்டை நடத்தும் பொறுப்பு ஒரு தம்பியிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் கேட்டது இது: "முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், நற்செய்தி என்று நான்கு இருக்கின்றன. சனிக்கிழமை இரவு உட்கார்ந்து நான்கையும் இணைக்கப் பார்க்கிறேன், வருவதில்லை. கடைசியில் வேறு யாரோ சொன்ன மறையுரையைக் கேட்டு அதையே சொல்லிவிடுகிறேன். என் ஆலயத்தில் பாதிப்பேர் வெள்ளாமைக்காரர், பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்காக எப்படி ஆயத்தம் செய்வது, சேர்?"

தம்பி, முதலில் ஒரு பாரத்தை இறக்கி வைக்கிறேன். நான்கையும் நீங்கள் இணைக்க வேண்டியதில்லை. பொதுக்காலத்து ஞாயிறுகளில், அதாவது திருவருகை, தவம், பாஸ்கா போன்ற சிறப்புக் காலங்களில் சேராத ஞாயிறுகளில், முதல் வாசகம் நற்செய்தியை மனதில் வைத்துத் தெரிவுசெய்யப்பட்டது. பதிலுரைப் பாடல் அந்த முதல் வாசகத்துக்கு மக்கள் சொல்லும் மறுமொழி. இரண்டாம் வாசகம் மட்டும் தன் வழியில் போகும். திருத்தூதர் கடிதமான ஒரு திருமுகத்தை எடுத்து வாராவாரம் தொடர்ந்து வாசித்துக்கொண்டே வரும். உதாரணமாக மத்தேயு நற்செய்தி வாசிக்கப்படும் ஆண்டில் பொதுக்காலத்து 9ஆம் ஞாயிறு தொடக்கம் 24ஆம் ஞாயிறு வரை உரோமையர் திருமுகம். அதற்கும் அன்றைய நற்செய்திக்கும் இடையே தெரிவுசெய்தவர்கள் முடிச்சு எதுவும் போடவில்லை. திருவருகைக்காலம், தவக்காலம், பெருவிழாக்கள் ஆகியவற்றில் மாத்திரம் எல்லா வாசகங்களும் ஒரே பொருளை நோக்கி நிற்கும்.

எந்த ஞாயிறுக்கு எந்த வாசகம் என்று சொல்லும் அட்டவணையைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், விவிலியத்தின் செல்வங்களை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டது. அதிலிருந்து 1969இல் பிறந்ததுதான் மூன்றாண்டு வட்டம்: மத்தேயு, மாற்கு, லூக்கா. யோவான் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் நிறைய வருவார். மாற்கு ஆண்டில் ஐந்து ஞாயிறுகளுக்கு அவருடைய 6ஆம் அதிகாரமும் வரும். ஆண்டு எண்ணை மூன்றால் வகுத்து மீதி வராவிட்டால் லூக்கா ஆண்டு. 2025 அப்படி. 2026 மத்தேயு, 2027 மாற்கு. உலகெங்கும் மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகள் பலவும் பயன்படுத்தும் 1992ஆம் ஆண்டின் பொது அட்டவணை இதே வட்டத்தை ஒட்டியது. ஆகவே பக்கத்துத் தெரு மெதடிஸ்த குடும்பமும் பெரும்பாலான ஞாயிறுகளில் உங்களுடைய நற்செய்தியையே கேட்டுவிட்டு வரக்கூடும். அவர்களோடும் பேசிப் பாருங்கள்.

இனி நான் சொல்ல விரும்புவது. அடுத்த ஞாயிறின் வாசகத்தை இந்த ஞாயிறு பின்னேரம், பிந்தினால் திங்கள் காலை, வாய்விட்டு வாசித்துவிடுங்கள். விளக்கவுரை எதையும் அன்று தொடாதீர்கள். அந்த வாசகத்தோடு ஆறு நாள் ஊருக்குள் நடமாடுங்கள். உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் வெள்ளாமைக்காரரும் கடற்தொழிலாளரும் விவிலியத்தின் ஒரு பெரிய பகுதியை உங்களையும் என்னையும் விட நன்றாக அறிந்தவர்கள். அவர்களிடம் கேட்காமல் அவர்களுக்கு விளக்கப் போவதுதான் நாம் விடும் பிழை. இதை நான் கற்றுக்கொள்ள நீண்ட காலம் எடுத்தது.

பல வருடங்களுக்கு முன் ஒரு சனவரி ஞாயிறு. நற்செய்தி மத்தேயு 4: சீமோனும் அந்திரேயாவும் கடலில் வலை வீசுகிறார்கள், இயேசு அழைக்கிறார். வலை என்றால் என்ன, மீன் என்றால் என்ன, மனிதரைப் பிடிப்பதென்றால் என்ன என்று நான் அழகாகத்தான் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். வழிபாடு முடிந்து வெளியில் வந்தபோது, வாவியில் ஐம்பது வருடம் தொழில் செய்த ஒரு ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சேர், அது வீச்சுவலையா, கரவலையா? வீச்சுவலை எண்டா ஒராள் வேலை. கரவலை எண்டா ஊரே சேர்ந்து இழுக்கணும்." எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கவுரைகளைப் புரட்டினேன். அந்த ஐயா கேட்ட கேள்விக்கு மத்தேயுவே பதில் வைத்திருக்கிறார். கிரேக்கத்தில் சீமோன் வீசுவது 'ஆம்ஃபிபிளெஸ்ட்ரோன்', அதாவது வட்டமாக விரிந்து விழும் வீச்சுவலை. பொதுவாக வலைக்கு 'திக்துவோன்'. 13ஆம் அதிகாரத்தில் விண்ணரசைக் கடலில் போடப்பட்ட வலைக்கு ஒப்பிடும்போது மட்டும் மூன்றாவது ஒரு சொல்: 'சகேனே'. அது நம் கரைவலையேதான். நமது மொழிபெயர்ப்புகளில் எல்லா இடத்திலும் வெறும் 'வலை'.

இந்த வேறுபாடு எவ்வளவைத் திறந்துவிடுகிறது பாருங்கள். அழைப்பு வரும்போது சீமோன் தனியாளாகச் செய்யக்கூடிய தொழிலில் நிற்கிறார். விண்ணரசைப் பற்றிப் பேசும்போது இயேசு எடுக்கும் வலையோ, ஒரு கயிற்று முனையைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளத்தில் அரைவட்டமாகச் சுற்றிப் போட்டு, மறுமுனையோடு கரைக்கு வந்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அம்பா என்ற வலையிழுக்கும் பாட்டைப் பாடி மணிக்கணக்காக இழுக்கும் வலை. இழுக்கும்போது உள்ளே என்ன வருகிறதென்று யாருக்கும் தெரியாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டு யாரும் மீன் தெரிவதில்லை. மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்து தெரிவார்கள். உவமையும் அதையேதான் சொல்கிறது: கரைக்கு இழுத்து, உட்கார்ந்து, நல்லதைக் கூடைகளில் சேர்த்து, ஆகாததை வெளியே எறிவார்கள். செதிளும் துடுப்பும் இல்லாத மீனை யூதர் உண்ணக்கூடாது என்று லேவியர் 11 சொல்வதையும் இங்கே சேர்த்துச் சொன்னால், பேத்தை மீனைத் தூக்கி எறிந்து பழகியவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

வயல் உவமைக்கு வருகிறேன். இங்கே நான் இன்னும் பெரிய பாடம் படித்தேன். பொதுக்காலத்து 16ஆம் ஞாயிறு, மத்தேயு 13:24-43. 2026இல் அது ஜூலை 19. சிறுபோக வெள்ளாமை அறுவடையை நெருங்கி நிற்கும் காலம். நல்ல விதை விதைத்த வயலில் பகைவன் வந்து களை விதைத்துவிட்டுப் போகிறான். வேலைக்காரர் பிடுங்கட்டுமா என்று கேட்கிறார்கள், நிலக்கிழார் அறுவடை வரை விடச் சொல்கிறார். ஒருமுறை இந்த வாசகத்தைப் படுவான்கரையில் வயல் செய்யும் ஒருவரிடம் முன்கூட்டியே வாசித்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. "இது நடக்காத கதை, சேர். களைநெல்ல அறுவட மட்டும் விட்டு வெச்சா அடுத்த போகம் வட்ட முழுக்க அதுதான் நிக்கும்."

அவர் சொன்னது சரி. களைநெல் சிறு பயிராக இருக்கும்போது நெல்லைப் போலவே இருக்கும். கதிர் விட்ட பிறகுதான் வேறாகத் தெரியும். அது நெல்லுக்கு முந்தி விளைந்து, அரிவாள் படுமுன்னே மணியைக் கொட்டிவிடும். கொட்டிய மணி மண்ணுக்குள் கிடந்து அடுத்த போகத்தில் முளைக்கும். ஆகவே இந்த உவமையை வைத்து 'களையை விட்டு வையுங்கள்' என்று நான் சொல்லியிருந்தால், அந்த மனிதர் மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிட்டு, விவிலியத்துக்கு வயல் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

உண்மையில் அங்கே பேசப்படுவது வேறு களை. 'சிசானியா' என்ற அந்தச் சொல், கோதுமையைப் போலவே வளரும் ஒரு நச்சுப் புல்லைக் குறிக்கும் என்பது அறிஞர்களின் பொதுக் கருத்து. கதிர் வரும் மட்டும் கோதுமையிலிருந்து பிரித்தறிவது கடினம், வேர்கள் பின்னிக்கொள்ளும். ஆனால் அதன் மணி உதிர்வதில்லை. கதிரிலேயே நின்று கோதுமையோடு அறுபடும். அந்த நிலக்கிழார் தன் வயலையும் தன் களையையும் அறிந்த மனிதர். காத்திருந்தால் நட்டமில்லை, இப்போது பிடுங்கினால் பயிர் போகும். இதை மறுநாள் அந்த வெள்ளாமைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவர் விசயம் தெரிஞ்ச போடியார்தான்" என்றார். அந்த ஞாயிறு நான் சொன்ன சிந்தனையின் முதல் பாதி முழுக்க அவருடைய கேள்வியும் அதற்குக் கிடைத்த விடையும்தான்.

இரண்டாம் பாதியைச் சொல்லத் துணிவு வேண்டியிருந்தது. நம் பகுதியில் 'களையெடுப்பு' என்ற சொல்லுக்கு வயலுக்கு வெளியே ஒரு பொருள் இருந்த காலம் உண்டு. உங்கள் ஆலயத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அதை அறிவார்கள். யார் பயிர், யார் களை என்று மனிதர் தீர்மானித்த காலம் அது. எத்தனை பயிர் வேரோடு போயிற்று என்று எண்ணிச் சொல்ல யாரும் இல்லை. அந்த மக்களுக்கு முன்னால் நின்றுகொண்டு இந்த உவமையை 'கெட்டவர்களோடு பொறுமையாக இருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நிலக்கிழார் வேலைக்காரரைத் தடுக்கிறார். அவர்களுடைய ஆர்வத்தை அவர் குறை சொல்லவில்லை, அவர்களுடைய கண்ணைத்தான் நம்பவில்லை. அதை நான் அப்படியே சொன்னேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: 38ஆம் வசனம் வயல் என்பது உலகம் என்கிறது. திருச்சபை என்று சொல்லவில்லை. ஆகவே 'நம் ஆலயத்துக்குள் இருக்கும் களைகள்' என்று பேசத் தொடங்காதீர்கள். அயலில் இருக்கும் முஸ்லிம் குடும்பத்தையோ இந்துக் குடும்பத்தையோ நினைத்துக்கொண்டு அந்தச் சொல்லைக் கேட்கும் காதுகளும் இருக்கக்கூடும். அதற்கு இடம் கொடுக்காமல் பேச வேண்டும். அன்றைய முதல் வாசகமே உங்களுக்குத் துணை: சாலமோனின் ஞானம் 12, கடவுளுடைய வல்லமை அவருடைய பரிவில் தெரிகிறது, நீதிமான் மனிதநேயம் உள்ளவராக இருக்க வேண்டும் என்கிறது. மெதடிஸ்த நண்பர்களின் விவிலியத்தில் ஞானநூல் இல்லை. அவர்களுடைய அட்டவணை அதற்குப் பதிலாக எசாயா 44ஐயும் தருகிறது.

அதே ஞாயிறின் இரண்டாம் வாசகம் உரோமையர் 8:26-27. இரண்டே வசனம். எப்படி மன்றாடுவது என்று நமக்குத் தெரியாது; தூய ஆவியார் சொல்லில் அடங்காத பெருமூச்சுகளோடு நமக்காகப் பரிந்து பேசுகிறார். நற்செய்தியோடு இதற்குத் தொடர்பு இல்லை என்று மேலே சொன்னேன். தெரிவுசெய்தவர்கள் தொடர்பு வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் என் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளை ஒருவரின் பாட்டி, மகன் காணாமற்போனவர், ஒருநாள் என்னிடம் சொன்னார்: "பூசை ஒப்புக் குடுக்கப் போனா, செத்தவருக்கா உயிரோட இருக்கிறவருக்கா எண்டு கேக்கிறாங்க, மகன். நான் என்ன சொல்ல?" எப்படி மன்றாடுவது என்று நமக்குத் தெரியாது என்ற வசனத்தை நான் அதற்குப் பிறகு வேறு விதமாக வாசிக்க முடியவில்லை. நம் மாவட்டங்களில் அந்தக் கேள்வியோடு வாழும் தாய்மார் எத்தனையோ பேர். களை உவமையும் அந்த இரண்டு வசனமும் ஒரே ஞாயிறில் வருவது எங்கள் ஊரில் தற்செயலாகக் கேட்காது. இப்படி ஒரு தொடர்பு மக்களிடமிருந்து வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு மேசையில் உட்கார்ந்து உருவாக்காதீர்கள்.

இன்னொரு பழக்கம்: வாசகப் பகுதி எந்த வசனத்திலிருந்து எதற்குத் தாண்டுகிறது என்று எப்போதும் பாருங்கள். 13-15, 19-23 என்று போட்டிருந்தால் 16, 17, 18ஐ எடுத்து வாசியுங்கள். நான் தந்த எண்கள் மத்தேயு 2ஆம் அதிகாரத்துடையவை. மத்தேயு ஆண்டின் திருக்குடும்பத் திருவிழா நற்செய்தி அது. எழுந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குத் தப்பி ஓடும் என்று வானதூதர் யோசேப்பிடம் சொல்லும் பகுதி.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அன்று திருக்குடும்பத் திருவிழா, மத்தேயு ஆண்டு. உலகெங்கும் கத்தோலிக்க ஆலயங்களுக்கு அன்று குறிக்கப்பட்டிருந்த நற்செய்தி அதுதான்: எழுந்து ஓடுங்கள். காலை ஒன்பது மணியை ஒட்டிக் கடல் வந்தது. நாவலடியிலும் டச்பாரிலும் திருச்செந்தூரிலும் கல்லாற்றிலும் கல்முனையிலும் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் மிக அதிகமான உயிர்கள் போனது உங்கள் மாவட்டத்தில். அந்த ஞாயிறின் வாசகத்தில் தாண்டப்பட்ட மூன்று வசனங்கள், பெத்லகேமில் குழந்தைகள் கொல்லப்பட்டதைச் சொல்பவை. அவை வாசிக்கப்படும் நாள் மாசற்ற குழந்தைகள் திருவிழாவான டிசம்பர் 28. அந்த வருடம் அது செவ்வாய்க்கிழமை. கரையோரமெங்கும் இன்னும் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்த நாள். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள், ஏனென்றால் அவர்கள் இல்லை.

அந்தப் பகுதி மூன்று வருடத்துக்கு ஒருமுறை நம்மிடம் திரும்பி வருகிறது. அதை எடுத்துக்கொண்டு, கடவுள் சிலருக்கு முன்கூட்டியே சொன்னார், சிலருக்குச் சொல்லவில்லை என்ற திசையில் மட்டும் போய்விடாதீர்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் அங்கே உட்கார்ந்திருப்பார். மத்தேயு செய்ததைப் பாருங்கள். யோசேப்பு தப்பியதை எழுதிய கையோடு ராகேலின் அழுகையையும் எழுதினார். அந்த அழுகையை அவர் விளக்கவில்லை, அவளை ஆறுதல் பெற வைக்கவும் இல்லை. மறுக்கிறாள் என்று எழுதிவிட்டு விட்டுவிட்டார். நீங்களும் அந்த மூன்று வசனங்களை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நில்லுங்கள். எங்கள் ஆலயத்தில் ஒரு வருடம் அப்படிச் செய்தோம். அதற்குமேல் அன்று நான் ஏழெட்டு வாக்கியம்தான் பேசினேன்.

பாஸ்கா காலத்து இரண்டாம் ஞாயிறுக்கும் இதே கவனம் வேண்டும். மூன்று ஆண்டிலும் மாறாத நற்செய்தி அது: யோவான் 20:19-31. சீடர்கள் அஞ்சி, கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு, மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது; இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அடுத்த ஞாயிறு நாடெங்கும் பொதுத் திருப்பலிகள் இல்லை. கொழும்பில் பேராயர் இல்லத்திலிருந்து தொலைக்காட்சியில் வந்த திருப்பலியை வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தோம். அன்றைய நற்செய்தி, பூட்டிய கதவுகள். அதுவரை அந்தச் சொற்களை இயேசு சுவரூடாக வந்த புதுமையைச் சொல்வதற்கான முன்னுரையாகவே நான் கடந்து போயிருந்தேன். அன்றுதான் 26ஆம் வசனம் என் கண்ணில் பட்டது: எட்டு நாளுக்குப் பிறகும் கதவுகள் பூட்டியே இருந்தன. உயிர்த்தவரை நேரில் பார்த்த பிறகும் பூட்டினார்கள். இயேசு அதற்காக ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு முறையும் 'அமைதி' என்றுதான் தொடங்கினார், காயங்களைக் காட்டினார். ஒவ்வொரு வருடமும் இந்த வாசகம் அந்த நினைவு நாளுக்கு அருகில் வந்து நிற்கும். பயத்தைப் பற்றிப் பேசுங்கள், காயத்தைப் பற்றிப் பேசுங்கள். மன்னியுங்கள் என்று ஆட்களை அவசரப்படுத்தாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. விளக்கவுரையை வியாழக்கிழமை திறங்கள். அதற்குள் உங்களிடம் கேள்விகள் சேர்ந்திருக்கும், எதைத் தேடுவதென்று தெரிந்திருக்கும். கத்தோலிக்கத் திருவிவிலியத்தையும் பழைய மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் எங்கே சொல் வேறுபடுகிறதோ அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியும். பிறர் மறையுரையைக் கேட்பதில் குற்றமில்லை, ஆனால் உங்களுடையதை எழுதிய பிறகு கேளுங்கள். தமிழ்நாட்டு ஊரொன்றின் மக்களுக்காக ஒருவர் ஆயத்தம் செய்தது அந்த மக்களுக்குரியது. நீளம்: எட்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூனில் குருக்களுக்கே சொன்னார். நமக்கு ஆறு போதும். திருப்பலியில் மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது. நீங்கள் இறைவார்த்தை வழிபாட்டில் சொல்வது வாசகச் சிந்தனை. இந்த வேறுபாட்டை மக்களுக்கும் தெளிவாக வைத்திருங்கள், உங்கள் பங்குத்தந்தையிடம் ஆயத்தத்தைக் காட்டுவதையும் வழக்கமாக்குங்கள். ஒரு ஞாயிறுக்கு ஒரு வசனம்தான் உங்களைப் பிடித்துக்கொண்டது என்றால் அந்த ஒன்றையே பேசுங்கள். மற்றவற்றை நல்ல வாசகராக ஒருவர் வாசித்தாலே மக்களிடம் போய்ச் சேரும். அதற்காக வாசிப்பவரை வெள்ளிக்கிழமையே ஒருமுறை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

17ஆம் ஞாயிறு 2026இல் ஜூலை 26. அன்றுதான் கரைவலை உவமை வரும். அந்த வாரம் செவ்வாயோ புதனோ விடியற்காலையில் கரைக்குப் போய், கயிற்றில் ஒரு கை கொடுத்து இழுங்கள். மடி கரைக்கு வந்ததும் முதலில் எதை எடுத்து எறிகிறார்கள், எதைப் பார்த்துத் தயங்குகிறார்கள், தயங்கியதை யாரிடம் காட்டிக் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வாருங்கள், தம்பி.